பிள்ளையின் தட்டை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில் எடை கூடிய பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இனிப்பைக் குறை, ஓடியாடி விளையாடு, கைபேசியைக் கீழே வை என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரை முழுக்கப் பிள்ளையைப் பார்த்தே பேசியது. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு அரிசி வாங்குவதில்லை, எண்ணெய் வாங்குவதில்லை, உலை வைப்பதில்லை. ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வதும் அவன் இல்லை. டியூஷன் நேரமும் அவன் கையில் இல்லை. இத்தனையையும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டு, "வாயைக் கட்டுடா" என்று அவனிடம் மட்டும் சொன்னால் எப்படி நடக்கும்? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நீடாமங்கலம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து போகிறதே, அந்தக் கரையோரத்து ஊர்களில்தான் என் பணிக்காலம் போனது. தடுப்பூசிக்கும் கர்ப்பிணிப் பதிவுக்கும் வீடு வீடாகப் போகிறவர்கள் நாங்கள். அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து பேசுகிற உரிமை எங்களுக்கு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கவலையெல்லாம் எடை குறைந்த பிள்ளைகளைப் பற்றித்தான். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. ஆனால் இன்றைக்கு அதே தெருவில் ஒரு வீட்டில் ஒட்டிய கன்னத்தோடு ஒரு பெண் பிள்ளை, அடுத்த வீட்டில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற பையன். சில வீடுகளில் ரெண்டு குறையும் ஒரே பிள்ளைக்கு. எடை கூடியிருக்கும், ரத்தம் குறைந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டுக்குச் சொல்லும் கணக்கில், 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு எடை கூடுதல். அதில் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்ற கட்டத்துக்கே போய்விட்டவர்கள். அது உலகத்துக் கணக்கு. நம் வீட்டுக் கணக்கு வேண்டுமென்றால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேருக்கும் எடை கூடுதல். அதாவது பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற அம்மா, அப்பா, அத்தை, சித்தப்பா இவர்களில் பத்துக்கு நாலு பேர் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு மட்டும் தனியாக என்ன வைத்தியம்?

எடை கூடிய பிள்ளைகளில் என் மகன் வயிற்றுப் பேரனும் ஒருவன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அப்பாயி, ஆனா என் பேரும் போடக் கூடாது, எத்தனை கிலோன்னும் போடக் கூடாது" என்றான். ரெண்டும் போடவில்லை.

முதலில் ஒரு விஷயம். வளரும் பிள்ளையின் எடை கூடுதலா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. பெரியவர்களுக்குப் போடுகிற பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற) கணக்கை அப்படியே தூக்கி அவனுக்குப் போடவும் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே 5 முதல் 18 வயது வரைக்கும் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அதில் ரெண்டு கோடுகள் உண்டு. பெரியவர்களின் பி.எம்.ஐ. 23-க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் எடை கூடுதல், 27-க்குச் சமமானதைத் தாண்டினால் பருமன். குழந்தை மருத்துவரிடம் போனால் உயரமும் எடையும் பார்த்து அந்த அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், கல்யாணத்தில் பார்த்த மாமி சொன்னார் என்று முடிவுக்கு வராதீர்கள். பூப்பெய்துகிற வயதில் சில பிள்ளைகள் முதலில் அகலம் கொடுத்துவிட்டு அப்புறம் உயரம் போடுவார்கள்.

உயரம் இன்னும் பாக்கி இருக்கிற பிள்ளைக்குப் பல நேரம் எடையைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. இப்போதுள்ள எடை மேலே ஏறாமல் நின்று, உயரம் கூடினாலே போதும். இதைப் பெற்றோரிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மாதம் நாலு கிலோ இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இறங்கவில்லை என்றதும் பிள்ளை திருடித் தின்கிறான் என்று சந்தேகப்படுகிறார்கள்.

இன்னொன்று, "தைராய்டா இருக்கும்" என்ற பேச்சு. தைராய்டாக இருக்கலாம், ஆனால் அப்படி இருப்பது குறைவு. ஹார்மோன் கோளாறால் எடை கூடும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருப்பார்கள். எடையோடு உயரமும் ஒழுங்காக வளர்கிற பிள்ளை என்றால் காரணத்தை அடுப்படியிலும், மேசையிலும், தூக்கத்திலும்தான் தேட வேண்டும்.

வேலையில் இருந்தபோது நான் அடிக்கடி பார்த்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும். அக்குளிலும் விழும். தோல் தடித்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். சரியாகக் குளிக்கவில்லை, அழுக்கு படிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அம்மாமார்கள் பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்ப்பார்கள். எலுமிச்சம்பழத் தோல், கடலை மாவு, தயிர், எல்லாம் நடக்கும். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண்ணின் கழுத்தில் தோல் உரிந்து புண்ணாகவே கிடந்தது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தாவணித் துணியை மேலே இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அது அழுக்கு கிடையாது. எடை கூடும்போது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் கூடிப்போன அந்த இன்சுலின்தான் தோலைத் தடிக்க வைத்துக் கறுக்க வைக்கிறது. சர்க்கரை நோய் வரக்கூடும் என்று உடம்பு முன்கூட்டியே காட்டுகிற அடையாளம் அது. பீர்க்கங்காய் நாரைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போய் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு மூன்று மாதம், நாலு மாதம் தள்ளிப் போகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படுத்ததும் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா, அதையும் சொல்லுங்கள். இடுப்போ முழங்காலோ வலித்துப் பிள்ளை நொண்டினால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

சரி, அடுப்படிக்கு வருகிறேன்.

எத்தனையோ வீடுகளில் ஒரே முறையைத்தான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு டயட் என்று முடிவெடுத்த அன்றைக்கு அவனுக்கு மட்டும் ரெண்டு காய்ந்த சப்பாத்தி. மற்ற எல்லாருக்கும் சுடச்சுடச் சோறு, வத்தக்குழம்பு, பொரித்த அப்பளம். தம்பிக்கு முறுக்கு, இவனுக்கு வெள்ளரிக்காய். அவன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவான். ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். அதற்கும் திட்டு விழும். ஒரு வீட்டில் பலகாரத் தூக்குக்குப் பூட்டே போட்டிருந்தார்கள். பிள்ளையை ஒதுக்கி வைத்துச் சோறு போடுகிற எந்த வைத்தியமும் நிலைக்காது.

தஞ்சாவூரில் நாங்கள் காட்டுகிற குழந்தை மருத்துவரும் இதையேதான் சொன்னார். லியோனார்ட் எப்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் எடை கூடிய சிறுவர்களையும் அவர்களின் பெற்றோரையும் சேர்த்து வைத்துச் சிகிச்சை கொடுத்து, பத்து வருடம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். 1990-ல் அது வெளியானது. பிள்ளையை மட்டும் மாற்றச் சொன்ன குடும்பங்களைவிட, பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள்தான் பத்து வருடத்துக்குப் பிறகும் நல்ல நிலையில் இருந்தார்களாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சிகிச்சையைக் குடும்பத்தோடுதான் செய்யச் சொல்கிறது. மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குடும்பத்தை நேரில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்கிறது. நமக்கு அவ்வளவு நேரம் தருகிற மருத்துவமனை பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். அந்தப் பேச்சை வீட்டில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் மாறியவர்கள் என் மகனும் மருமகளும். பேரனுக்குத் தனிச் சமையல் வேண்டாம், எல்லாரும் ஒன்றையே சாப்பிடுவோம் என்று மருமகள்தான் முதல் நாளே சொல்லிவிட்டாள். சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குறுவையும் சம்பாவும் விளைகிற மண்ணில் பிறந்த பிள்ளையிடம் சோற்றைத் தொடாதே என்று சொல்வது அநியாயம். அப்படிச் சொன்னால் ஒரு வாரம் கேட்பான், எட்டாம் நாள் கேட்க மாட்டான். மாறியது அளவும் வரிசையும்தான். முன்பு சோற்றுக் குண்டான் நடுக்கூடத்தில் இருக்கும், குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று அகப்பை தானாகப் போகும். இப்போது குண்டான் அடுப்படியிலேயே இருக்கிறது. நடுவில் வருவது பொரியலும் கூட்டும். தட்டில் முதலில் காய் விழும். கொத்தவரங்காய், புடலங்காய், வாழைத்தண்டு, வீட்டுக் கொல்லை முருங்கைக்கீரை, வரப்பில் பறித்த பொன்னாங்கண்ணி. அப்புறம் பருப்போ முட்டையோ மீன் குழம்போ. சோறு அதற்குப் பிறகு. இன்னும் வேண்டும் என்றால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம், யாரும் எண்ண மாட்டோம். மீனை வறுப்பது போய்க் குழம்பில் போடுவது என்றாகிவிட்டது. அப்பளம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் எல்லாருக்கும். இதனால் என் மகனுக்கும் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது. அவனும் பத்தில் நாலு பேர் கணக்கில் வருகிறவன்தான்.

ராத்திரி எட்டு மணிக்குள் எல்லாரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். தொலைக்காட்சி அணைந்திருக்கும். கைபேசிகள் சாமி அலமாரியில். முதலில் என் மகனுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது, உரக்கடைக்காரன், சம்பா நடவு சமயத்தில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். இருந்தாலும் வைத்தான். அப்பா வைத்தால்தான் பிள்ளை வைப்பான்.

பெற்றோர்கள் கவனிக்காமல் விடுகிற நேரம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூடம் விடுகிறது. ஐந்தரைக்கு டியூஷன். மதியம் பன்னிரண்டரைக்கு டப்பா சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த நேரத்தில் பசி வயிற்றைக் கிள்ளும். வளர்கிற பிள்ளைக்கு வருகிற நியாயமான பசி அது. சட்டைப்பையில் இருபது, முப்பது ரூபாய் இருக்கும். பேருந்து நிலையத்தைச் சுற்றி என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். பரோட்டா, பஜ்ஜி, பாக்கெட் வறுவல், சிவப்பு மசாலா போட்டுப் பொரித்த கோழி, ஒரு பாட்டில் குளிர்பானம். 300 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, ஆறு தேக்கரண்டி. வீட்டில் காபியில் ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டால் பிள்ளையே துப்பிவிடுவான். குளிரக் குளிர இருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை. ஒரு நாளில் உடம்புக்குக் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இந்த மாதிரிச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது, இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருபதில் ஒரு பங்கு என்பது பெரியவர்களுக்கே சுமார் 25 கிராம்தான். ஒரு பாட்டிலிலேயே அது தாண்டிப் போகிறது.

அந்தப் பசிக்கு வீட்டில் பதில் தயாராக இல்லாவிட்டால் கடை பதில் சொல்லும். என் மருமகள் காலையிலேயே ரெண்டாவது டப்பா ஒன்று கட்டிவிடுகிறாள். ஒரு நாள் பாசிப்பயறு சுண்டல், ஒரு நாள் அவித்த வேர்க்கடலை, ஒரு நாள் அவித்த முட்டையும் கொய்யாவும். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு அவன் கடையில் சாப்பிடுவான், அந்தக் காசு அவனுக்குத் தனியாக உண்டு. அதையும் பிடுங்கினால் பிள்ளை நண்பர்களை விட்டுத் தனியாகப் போய்விடுவான். வீட்டில் பாட்டில் பானம் யாரும் வாங்குவதில்லை. விருந்தாளி வந்தால் மோர், எலுமிச்சை ஜூஸ், இளநீர்.

சுண்டல் என்று எழுதும்போது மனசுக்கு வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வயல் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்த பிறகு பனி ஈரத்திலேயே அது விளையும். தண்ணீர்ச் செலவு கிடையாது. அப்படி வருகிற பயறு மூட்டை மூட்டையாக வியாபாரிக்குப் போகிறது. அதே வீட்டில் பிள்ளைக்கு ரெண்டு நிமிஷ நூடுல்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. விற்கிறதில் ஒரு மரக்கால் எடுத்து வீட்டில் வையுங்கள் என்று நான் போகிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது பேச்சு. எடை கூடிய பிள்ளைக்கு நம் ஊரில் பெயர் வைக்காத ஆள் கிடையாது. பூசணிக்காய், அரிசி மூட்டை, குண்டு. அன்பாகத்தான் சொல்கிறோம் என்பார்கள். மாமா சொல்வார், வாத்தியார் சொல்வார், பஸ் கண்டக்டரும் சொல்வார். சென்ற வைகாசியில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் என் பேரன் உட்கார்ந்ததும் உறவுக்காரர் ஒருவர், "தம்பிக்கு ரெண்டு இலையா போடுங்கப்பா" என்றார். பந்தியே சிரித்தது. என் மகன் இலை வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "மாமா, அவன் உடம்பைப் பத்திப் பேச வேண்டாம். அவன் கிட்ட வேற ஏதாவது கேளுங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த மாமாவும் நல்ல மனுஷர்தான், கொஞ்ச நேரம் கழித்துப் பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் போட்டிருந்த கபடி அணி பனியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது பேரன் வண்டியில் அவன் அப்பா முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். பதினாறு வயதுப் பையன்.

இதில் மனசு மட்டும் இல்லை, மருத்துவமும் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், வளரிளம் பிள்ளைகளிடம் எடையைப் பற்றிய பேச்சே வேண்டாம், கேலி கூடவே கூடாது, பட்டினி டயட்டை ஊக்குவிக்காதீர்கள், குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கும், டயட் என்று பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கும் பிற்பாடு எடை கூடவும், சாப்பாட்டுப் பழக்கமே நோயாக மாறவும் வாய்ப்பு அதிகம். ஒளிந்து தின்பது, தின்றதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையச் சுவரில், மின்கம்பத்தில், இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். காலையில் ஒரு டம்ளர் மாவுக் கரைசல், சாயங்காலம் ஒரு டம்ளர். மாதம் ஆயிரக்கணக்கில் செலவு. பத்தாம் வகுப்புப் பிள்ளையை அங்கே கூட்டிப் போகிற அம்மாவை நானே வழியில் மறித்திருக்கிறேன். எலும்பு வளர்கிற வயது, ரத்தம் ஊறுகிற வயது, சாப்பாட்டுக்குப் பதில் மாவு கொடுக்கலாமா? மருந்து தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. அதை டாக்டர் சொல்லட்டும்.

உடம்பு அசைவதைப் பற்றி. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரே மூச்சில் 60 நிமிடம் வேண்டியதில்லை, பிரித்துக்கொள்ளலாம். எடை கூடிய பிள்ளையை மைதானத்தில் ஓடச் சொன்னால் மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்திலேயே நின்றுவிடுவான். எது பிடிக்கும் என்று அவனைக் கேட்க வேண்டும். என் பேரன் சைக்கிள் என்றான். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிள் பல வீடுகளில் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது, சில வீடுகளில் வந்த வாரமே கைமாறிவிடுகிறது. அவன் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறான். சாப்பாட்டுக்குப் பிறகு அவனும் அவன் அப்பாவும் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருகிறார்கள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் கரையில் கூட்டம் இருக்கும், அப்போது நடை இன்னும் நீளும்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், ராத்திரி ஒன்பது வரை இன்னொன்று, அதற்குப் பிறகு கைபேசி. தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெயும் கேட்கிற பசி. என் மருமகள் விடியற்கால டியூஷனை நிறுத்திவிட்டாள். மதிப்பெண் குறையவில்லை.

பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். இன்னும் எடை கூடுதலாகத்தான் இருக்கிறான். உயரம் ஏறியிருக்கிறது, எடை ஏறவில்லை. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. பள்ளியில் மாடிப்படி ஏறும்போது நிற்காமல் ஏறுகிறேன் என்று அவனே சொன்னான். டாக்டருக்குத் திருப்தி. எங்களுக்கும் திருப்தி.

வீடு செய்ய வேண்டியதை வீடு செய்யும். ஆனால் சில காரியங்களை வீடு செய்ய முடியாது. பொதுத்தேர்வு வகுப்பு என்றால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்த வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அந்த 50 மீட்டருக்குள் எத்தனை கடை என்று அதிகாரிகள் ஒரு நாள் சாயங்காலம் நாலேகால் மணிக்கு வந்து பார்த்தால் தெரியும். கடைக்காரர்கள் பிழைப்பையும் கெடுக்க வேண்டாம், சுண்டல், வேர்க்கடலை, பழம், மோர் விற்கச் சொல்லலாம், நன்றாகவே ஓடும். பள்ளியில் உயரம், எடை பார்க்கும்போது வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கிலோவை உரக்கச் சொல்லும் பழக்கமும் போக வேண்டும். ஒரு சீட்டில் எழுதி மடித்துப் பெற்றோருக்குக் கொடுத்துவிடலாம். செலவே கிடையாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, சாலட் என்று எழுதுவதோடு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைச் சந்தையில் கிடைக்கிற காயையும் கீரையையும் பயறையும் வைத்து, வீட்டில் எல்லாரும் சாப்பிடக்கூடிய மாதிரி வாரம் ஒரு சமையல் குறிப்பு வெளியிடுங்கள். முக்கியமாகச் சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளை கையில் கொடுக்கிற மாதிரி. என்னிடம் சில குறிப்புகள் இருக்கின்றன, கேட்டால் எழுதி அனுப்புகிறேன்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். சின்ன ஊர், பெயரைப் பார்த்தால் பேரன் யார் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நீடாமங்கலம் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.